ரேடியோவை அணைத்துவிட்டு இறங்காதீர்கள்

மாதிரி விமானக் கொட்டகையின் சாவியை உங்கள் மூன்று பேரிடமும் கொடுத்துவிட்டேன். இந்த மாதத்தோடு நான் விலகுகிறேன். பதினெட்டு வருடம் கல்லூரி மாணவர்களுக்கு மாதிரி விமானம் செய்யவும் விடவும் கற்றுக்கொடுத்தவன், போகும்போது ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டீர்கள். இறக்கையை எப்படி ஒட்டுவது, எந்த மரம் இலேசானது என்பதெல்லாம் அலமாரியில் உள்ள நோட்டுகளில் இருக்கிறது. நான் எழுதப்போவது ஒன்றைப் பற்றித்தான். தனியாக விமானம் விடப் போவதைப் பற்றி.

உங்கள் மூவரில் ஒருத்தி என் மகள் சுமதி. அதனால், வேலையை முடித்துக்கொண்டு போகிறவனுக்கு இருக்க வேண்டிய நிதானம் எனக்கு இல்லை. அவளுக்கு அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும், இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தனியாகப் போகக் கூடாது என்பது விதி. நான்தான் அதைக் கொட்டகைக் கதவில் எழுதி ஒட்டினேன். நானே அதை மீறியும் இருக்கிறேன். நீங்களும் மீறுவீர்கள். திங்கட்கிழமை நாற்பது மாணவர்கள் முன்னால் ஏற்றிக்காட்ட வேண்டிய விமானத்தை ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை விட்டுப் பார்க்காமல் யாருக்கும் மனசு ஆறாது. அது குப்புற விழுந்தால் பக்கத்தில் நின்று சிரிக்க ஆள் இருக்கக் கூடாது என்ற எண்ணமும் உள்ளூர இருக்கும். எனவே போகாதீர்கள் என்று மறுபடியும் எழுதி மையை வீணாக்க மாட்டேன்.

நான் சேர்ந்த காலத்தில் எல்லாம் டீசல் என்ஜின்தான். ஈதர் கலந்த எண்ணெய், கறுப்புப் புகை, காதைக் கிழிக்கும் சத்தம். ராசிங்காபுரத்தில் விட்டால் பக்கத்து ஊரான சிலமலையில் மாடு மிரளும் என்பார்கள். எண்பதுகள் பிறந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்து, மின்மோட்டாரும் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் பேட்டரியும் நம் கைக்கு வந்தன. பேட்டரியின் பிளக்கைச் செருகினால் போதும். டீசல் போல் சத்தமே கிடையாது. மாணவர்கள் அதற்கு ஊமை என்று பெயர் வைத்தார்கள். டீசல் என்ஜின் ஓடுகிறதா, நிற்கிறதா என்று ஊருக்கே தெரியும். ஊமை அப்படியில்லை. நின்றுகொண்டிருக்கும்போதும் அது ஓடத் தயாராகத்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நாங்கள் யாரும் உடம்பில் ஏற்றிக்கொள்ளவில்லை.

சுமதி பட்டப்படிப்பு முடித்துவிட்டு என்னிடம் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தாள். ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாக விடப் பழகிவிட்டாள். அந்தக் காலத்துப் பேட்டரி நாலைந்து நிமிடம்தான் தாங்கும். அவளோ மோட்டாரை ஏற்றத்துக்கு மட்டும் ஓட்டிவிட்டு, பிறகு அணைத்து, காற்றிலேயே விமானத்தை மிதக்கவிடுவாள். தை மாதம் கிழக்கிலிருந்து வரும் காற்று மலையில் மோதி மேலே எழும்பும். அந்த எழும்பலில் இறக்கையைப் பிடித்துக் கொடுத்தால் அரை மணி நேரம் ஆனாலும் இறங்காது. இதை அவள் எனக்குச் சொன்னபோது, "மலைக்கெல்லாம் போக வேண்டாம், தரையிலேயே விடு" என்று பேச்சை முடித்துவிட்டேன்.

போன வருடம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு அவள் விமானப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "தூரமா?" என்று கேட்டாள்.

"பக்கந்தாம்மா. வர்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. நம் வீடுகளில் கிளம்புகிறவரை மறித்து எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்று சின்ன வயதிலேயே வாயை அடைத்துவிடுகிறார்கள். தூரமா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வோம். நான் இயற்பியல் படித்தவன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சிலமலைப் பக்கத்துத் தரிசுக்குத்தான் போகிறாள், நாங்கள் எப்போதும் விடுகிற இடம், பத்து மணிக்குத் திரும்பிவிடுவாள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பத்து ஆனது. பதினொன்று ஆனது. இறக்கை உடைந்திருக்கும், ஒட்டிக்கொண்டிருப்பாள் என்றேன். பன்னிரண்டுக்கு அவள் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்க ஆரம்பித்தாள். "நீங்க ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். வளர்ந்த பெண்ணை அப்பன் தேடிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சைக்கிளில் சிலமலைக்குப் போனேன். தரிசில் யாரும் இல்லை. பக்கத்தில் கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், "இன்னைக்குக் காத்தாடி எதுவும் வரலையே சார். நானும் அண்ணாந்து அண்ணாந்து பாத்தேன், கழுத்து வலிச்சதுதான் மிச்சம்" என்றார். அங்கிருந்து ராசிங்காபுரம் கண்மாய்க்கு மிதித்தேன். அங்கேயும் ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. கண்மாய்க் கரையில் மூச்சு வாங்க நின்றபோது, வியர்த்த முதுகில் காற்று சில்லென்று பட்டது. கிழக்குக் காற்று. நேராக மலையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புத்தி வந்தது. இவ்வளவு நேரமும் நான் எங்கே போயிருப்பேனோ அங்கே அவளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் நானில்லை. அவள் காற்று இருக்கிற இடத்துக்குத்தான் போயிருப்பாள்.

மலையடிவாரத்துப் போடி ஜீப் ஸ்டாண்டுக்கு மிதித்தேன். காசி நின்றிருந்தார். எஸ்டேட் ஆட்களை மலைக்கு ஏற்றி இறக்கும் டிரைவர். என்னைவிட வயதில் இளையவர். மகளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"நம்ம பாப்பாவா? காலைல நம்ம வண்டிலதான் சார் வந்துச்சு. நீளமா ஒரு பெட்டி. 'என்ன ஆத்தா, உள்ள வீணையா'ன்னு கேட்டேன். 'ஆமாண்ணே, மலைல கச்சேரி'ன்னு சிரிச்சுச்சு. பதினோராவது வளைவுல, அந்தப் புல்லுமேட்டுல எறங்குச்சு."

"எதுக்குப் போறா, எப்பத் திரும்புவான்னு கேட்டீங்களா?"

"அதெப்படி சார், நல்ல சோலியாப் போற புள்ளைய வழில மறிச்சுக் கேக்குறது? கீழ வர்றப்ப அந்த வளைவுல பாத்தேன். ஆளக் காணோம். வேற வண்டில போயிருக்கும்னு வந்துட்டேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அம்மா, அப்பா, டிரைவர் எல்லோரும் அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டோம். யாருக்கும் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

"வண்டிய எடுங்க காசி. வெரசா."

பதினோராவது வளைவுக்குப் போனபோது மணி இரண்டு தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஏலக்காட்டில் வேலை இல்லை. விறகுக் கட்டுகளைச் சாலையோரம் இறக்கிவைத்துவிட்டு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொம்பளப் பிள்ளையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். விமானம் பறந்ததா, சத்தம் கேட்டதா என்றேன். அவர்களில் மூத்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"சத்தம் ஒண்ணுங் கேக்கலய்யா. ஒரு வெள்ளக் கொக்குதான் ரொம்ப நேரமாச் சுத்துச்சு."

"கொக்கா?"

"பெரிய கொக்கு. ஒருதரங்கூட றெக்கைய அடிக்கல. 'இது என்னடி, செத்த கொக்கு பறக்குது'ன்னு இவகிட்டகூடச் சொன்னேன். அந்தா, அந்தப் பாறைக்கு அங்கிட்டு, ஏலக்காட்டுக்குள்ள சாஞ்சிருச்சு. அதெல்லாம் காலைலயே."

டீசலாக இருந்தால் மலை முழுக்கச் சாட்சி சொல்லியிருக்கும். ஊமையைக் கொக்கு என்று நினைத்து விறகு பொறுக்கப் போய்விட்டார்கள்.

புல்மேட்டில் அவள் பெட்டி இருந்தது. திறக்காத சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. பெட்டியின் மேல் ரேடியோ இருந்தது. விமானத்துக்கு உத்தரவு அனுப்பும் கைப்பெட்டியை நாம் ரேடியோ என்றுதானே சொல்கிறோம். அதன் ஏரியலை உள்ளே தள்ளி, மேலே துண்டு போர்த்தி, அழகாக வைத்திருந்தாள். துண்டை எடுத்தேன். ஸ்விட்ச் அணைந்திருந்தது.

அணைந்த ஸ்விட்சைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விமானம் கீழே மரத்தில் விழுந்துவிட்டது. எடுத்துவர நேரமாகும், அதுவரை ரேடியோவின் பேட்டரி வீணாக வேண்டாம் என்று அணைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். சிக்கனமாக வளர்ந்த பிள்ளை. விளக்கை அணை, விசிறியை அணை என்று நான்தான் வளர்த்தேன். ஆனால் விமானத்துக்குள் உத்தரவை வாங்கும் ரிசீவர் விழித்துக்கொண்டிருக்கிறது. ரேடியோ அணைந்தால் அது சும்மா இருக்காது. நிலையம் கிடைக்காதபோது வீட்டு ரேடியோ கரகரக்குமே, அந்தக் கரகரப்பையே உத்தரவு என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும்.

"சுமதீ!" என்று பாறை விளிம்பில் நின்று கத்தினேன். இரண்டாவது தடவைக்குக் கீழேயிருந்து பதில் வந்தது. ஈனசுரமாக, ஆனால் தெளிவாக.

"அப்பா... கீழ வராதீங்க. ரேடியோ... ரேடியோவப் போடுங்க!"

நான் அதற்குள் பாறையில் ஒரு காலை இறக்கிவிட்டிருந்தேன். காசி என்னைத் தாண்டி இறங்கப் பார்த்தார்.

உங்களுக்கு இதுபோல் ஒரு நேரம் வரும். குரல் கேட்ட பிறகு கால் நிற்காது. என் உடம்பு முழுவதும் அவளிடம் போ என்றது. அவள் குரல் மட்டும் வராதே என்றது. நான் காசியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

"என்ன சார் நீங்க! புள்ள கீழ கெடக்குது. அடிபட்டதுல ஏதோ பொலம்புது. இப்பப் போய்ப் பாட்டா கேக்கணும்?"

ஏரியலை முழுக்க இழுத்தேன். மோட்டார் வேகத்தைக் கூட்டும் குச்சி அடியில், நிறுத்தும் இடத்தில், இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஸ்விட்சைப் போட்டேன். கீழே விர்ரென்று ஓடிக்கொண்டிருந்த ஒரு சத்தம் அறுந்து நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான், அதுவரை அது கேட்டுக்கொண்டிருந்தது என்பதே எனக்கு உறைத்தது.

ரேடியோவைக் காசியின் கையில் கொடுத்தேன். "இந்தக் குச்சி அடியிலயே இருக்கணும். எதையும் தொடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் இப்படியே நில்லுங்க." அவர் கொதிக்கிற பால் குண்டானைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாறைக்குக் கீழே ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு திட்டு. அதில் அவள் கிடந்தாள். இடது கையில் தாவணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தாள். வலது கணுக்கால் தப்பாகத் திரும்பியிருந்தது. விமானம் பாறைக்கும் ஓர் ஏலச்செடித் தூருக்கும் நடுவில் செருகிக்கொண்டு, மூக்கை அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கிலுள்ள காற்றாடிக்கும் அவள் முகத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. நான் முதலில் விமானத்தின் பின்பக்கமாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்கு அப்புறம்தான் மகளைத் தொட்டேன்.

"மரத்துலேர்ந்து எடுத்தேம்பா. கைல வச்சிருக்கும்போதே காத்தாடி சுத்திருச்சு. கைய வெட்டுனதுல கால் வழுக்கி இங்க வந்து விழுந்தேன். அதுவும் கூடவே வந்து விழுந்துச்சு. நிக்கும். நின்னுருச்சுன்னு பிளக்கப் புடுங்கக் கை நீட்டுவேன். மறுபடியும் சுத்தும். காலைலேர்ந்து இப்படித்தாம்பா."

காலையிலிருந்து அவள் கத்தியிருக்கிறாள். மலையில் எழும்பும் காற்று அவள் குரலை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. மோட்டாரை அவள் அதிகம் ஓட்டாமல் சேமித்து வைத்ததாலும், அது எப்போதாவது சில விநாடி மட்டுமே சுற்றியதாலும் பேட்டரியும் தீர்ந்து தொலையவில்லை.

விறகுக்கு வந்த பெண்கள் இரண்டு கம்பும் சாக்கும் கொண்டுவந்தார்கள். காசியையும் கீழே கூப்பிட்டு, நால்வரும் தூக்கினோம். மூத்தவள் வழி நெடுக, "கொக்குன்னு விட்டுட்டோமே ஆத்தா, கொக்குன்னு விட்டுட்டோமே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சுமதிதான், "பரவால்ல பெரியம்மா, கொக்கு மாதிரி பறந்துச்சுன்னு எங்கப்பாகிட்டச் சொல்லுங்க, அவரு நம்ப மாட்டாரு" என்றாள்.

கணுக்கால் மூன்று மாதத்தில் கூடியது. இடது மோதிர விரல் இன்னும் மடங்குவதில்லை. இனியும் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நான் ஒரு முடிவோடு போய் உட்கார்ந்தேன். இனிமேல் இந்தத் தொழில் உனக்கு வேண்டாம் என்று சொல்லப்போனேன். அவள் அம்மா ஏற்கெனவே வீட்டிலிருந்த இரண்டு விமானங்களை விறகடுப்புப் பக்கம் எடுத்துவைத்துவிட்டாள். நான் வாயைத் திறக்குமுன் சுமதி கேட்டாள்.

"ரேடியோவ முதல்ல போடு, கடைசில அணைன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. நோட்டுலயும் இருக்கு. ஆனா அது ஏதோ பேட்டரி கெட்டுப்போகும்னுதான்பா நெனச்சேன். கைய வெட்டும்னு ஏன் சொல்லல?"

நான் வேட்டியைத் தொடைவரை ஒதுக்கி, அங்கிருந்த நீளமான தழும்பைக் காட்டினேன். அது சைக்கிளிலிருந்து விழுந்து கிழித்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அப்படித்தான் நான் சொல்லியிருந்தேன். உண்மையில், முதல் மின்மோட்டார் விமானம் கைக்கு வந்த மாதமே, கண்மாயில் தனியாக, ரேடியோவை முதலில் அணைத்துவிட்டு விமானத்தைத் தொடையில் சாய்த்துப் பிளக்கைப் பிடுங்கப் போனேன். பயிற்றுநரே இப்படி வெட்டிக்கொண்டார் என்றால் மாணவர்கள் மதிப்பார்களா என்று நினைத்தேன். நோட்டில் ஒரு வரி மட்டும் எழுதி வைத்தேன். ஏன் என்று எழுதவில்லை.

அவள் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத வேற யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப எல்லாருகிட்டயும் சொல்லுங்க. நானும் சொல்றேன். அதுக்கப்புறம் நான் விடலாமா வேண்டாமான்னு பேசுவோம்."

கால் சரியாகி அவள் வந்த முதல் வகுப்பில் அப்பனும் மகளும் நாற்பது பேர் முன்னால் நின்றோம். நான் தழும்பைக் காட்டினேன், அவள் விரலைக் காட்டினாள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனையே முன்னால் கூப்பிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு, தரையில் கட்டிப்போட்டிருந்த ஊமைக்கு முன்னால் ஒரு வெள்ளரிக்காயை நீட்டிப் பிடிக்கச் சொன்னோம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இதை ஒவ்வொரு வருடமும் செய்யுங்கள். உங்கள் தப்பை நீங்களே சொல்லுங்கள். ஒளித்துவைத்தால் அது இன்னொருவர் கையில்தான் போய் இறங்கும்.

கொட்டகையில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தனியாகப் போகிறவர் அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும். எந்த இடம், திரும்பும் நேரம், தேடி வரப்போகிறவர் பெயர். காற்று மாறி இடத்தை மாற்றினால் முதலில் திரும்பி வந்து பலகையில் மாற்ற வேண்டும். எழுதிய நேரம் தாண்டினால் தேடுகிறவர் கிளம்ப வேண்டும். ஒட்டிக்கொண்டிருப்பார், டீ குடித்துக்கொண்டிருப்பார், பாவம், போனால் சங்கடப்படுவார் என்ற யோசனையே கூடாது. சங்கடப்படட்டும். இதுவரை பலகையில் சுமதியின் பெயருக்கு எதிரே அப்பா என்று எழுதியிருக்கும். அடுத்த மாதம் முதல் அங்கே உங்களில் மற்ற இருவரில் ஒருவர் பெயர் இருக்கும். என்னால் அதை எளிதாக எழுத முடியவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

போன மாதம் அவள், அடிபட்ட பிறகு முதல் தடவையாக, தனியாக மலைக்குப் போனாள். அதே புல்மேடு. நான் தடுக்கவில்லை. பலகையில் பத்தரை என்று எழுதிவிட்டுப் போனாள். பத்தே காலுக்கே நான் ஜீப் ஸ்டாண்டில் காசியின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பத்தரை அடித்து ஒரு நிமிடம் ஆனது.

"ஒரு டீயக் குடிச்சுட்டுப் போவோமே சார். புள்ள வந்துரும்."

"வண்டிய எடுங்க காசி."

அடிவாரத்து முந்தலைத் தாண்டி இரண்டாவது வளைவில் எதிரே ஒரு ஜீப் வந்தது. முன் சீட்டில் சுமதி, மடியில் பெட்டி. இரண்டு வண்டியும் நின்றன. பின்னால் எஸ்டேட் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏப்பா, மேல லோடு லாரி குறுக்க நின்னுருச்சு. ஒரு அரை மணி நேரம் பொறுக்க மாட்டீங்களா? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?"

"பத்து முப்பத்தொண்ணு."

அவள் இறங்கினாள். பெட்டியை எங்கள் வண்டியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காசி வண்டியைத் திருப்பினார். முந்தல் வந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழம பதினொண்ணுன்னு எழுதப்போறேன்" என்றாள்.

"எழுது" என்றேன். "பதினொண்ணு ஒரு நிமிஷத்துக்கு வண்டி கெளம்பிரும்."